மனநல நர்ஸ் பிராக்டிஷனர் ஆவது எப்படி? அமெரிக்காவில் மேற்படிப்புக்குத் தயாராகும் நர்ஸ்களுக்கு

அமெரிக்காவில் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸோடு வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவர் பட்டமேற்படிப்பு முடித்து, தேர்வு எழுதி, மனநலத் துறையில் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகலாம். நோயாளியிடம் பேசி நோயைக் கண்டறிவது, மருந்து எழுதுவது, உளச்சிகிச்சை தருவது மூன்றும் அந்தத் தகுதிக்குள் வரும். சுருக்கமாக பி.எம்.எச்.என்.பி. என்பார்கள். பெரியவர்களுக்கு மட்டும் என்று முன்பு இருந்த தனிப் பிரிவு இப்போது புதிதாகச் சேர்பவர்களுக்குக் கிடையாது. குழந்தை முதல் முதியவர் வரை எல்லா வயதினரையும் பார்க்கப் பழக வேண்டும்.

விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த காலேஜ் நல்லது?" என்றுதான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. எந்த மாநிலத்தில் வேலை பார்க்கப் போகிறீர்கள், அங்கே உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து கிளினிக்கல் (நோயாளிகளை நேரில் பார்க்கும் பயிற்சி) சொல்லித்தர யார் இருக்கிறார்கள் என்ற இரண்டும் தெரிந்தபின் காலேஜ் தேடுங்கள். இந்தப் படிப்பில் பாடம் புரியாமல் விட்டுப்போகிறவர்களைவிட, கிளினிக்கலுக்கு இடம் கிடைக்காமல் ஒரு செமஸ்டர், இரண்டு செமஸ்டர் என்று நின்றுபோகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கலாம்.

முதலில் மாநிலம்

நர்ஸ் பிராக்டிஷனருக்கு என்ன அதிகாரம் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே முடிவு செய்கிறது. வாஷிங்டன், ஆரிகன், அரிசோனா போன்றவற்றில் டாக்டரின் ஒப்பந்தம் இல்லாமலே தனியாக கிளினிக் நடத்தலாம். நியூயார்க்கில் முதல் 3,600 மணி நேரம் டாக்டரோடு எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும்; அதன்பின் வேண்டாம். கலிபோர்னியா 2023 முதல் '103', '104' என்று இரண்டு படிகளாக இந்த உரிமையைத் தருகிறது. டெக்சாஸில் மருந்து எழுத டாக்டரோடு ஒப்பந்தம் எப்போதும் வேண்டும். அதோடு, இரண்டாம் அட்டவணை மருந்துகளை (அரசு கடுமையாகக் கட்டுப்படுத்தும் வகை) மருத்துவமனை, ஹாஸ்பிஸ் (இறுதிக்காலப் பராமரிப்பு) போன்ற இடங்களில் மட்டுமே எழுத முடியும். கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரும் ஸ்டிமுலன்ட் மாத்திரைகள் இரண்டாம் அட்டவணையில்தான் வருகின்றன. டாலஸில் ஒரு வெளிநோயாளி கிளினிக்கில் உட்கார்ந்து அந்த நோயாளிகளைப் பார்க்கலாம் என்று கனவு காண்பவர் இதைப் படிப்பு தொடங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

உங்கள் மாநில நர்சிங் போர்டின் இணையதளத்தில் ஏ.பி.ஆர்.என். (மேற்படிப்பு முடித்த நர்ஸ்களுக்கான உரிமம்) பகுதியைத் திறந்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தச் சான்றிதழ் தேர்வுகளை ஏற்கிறார்கள், குறைந்தபட்ச கிளினிக்கல் மணி நேரம் எவ்வளவு, மருந்தியலுக்குத் தனியாக மணி நேரம் கேட்கிறார்களா. பிறகு, நீங்கள் சேர நினைக்கும் காலேஜ் வெளியிட்டிருக்கும் தொழில் உரிம அறிவிப்புப் பக்கத்தைப் பாருங்கள். எந்தெந்த மாநிலத்தின் விதிகளுக்கு அவர்கள் படிப்பு பொருந்துகிறது என்ற பட்டியல் அதில் இருக்கும். ஆன்லைன் படிப்பு என்றால் எந்த மாநிலத்திலிருந்தும் சேரலாம் என்று நினைப்பது தவறு. வெளிமாநில மாணவர்களுக்கு ஆன்லைன் படிப்பு தர வழிசெய்யும், மாநிலங்களுக்கிடையிலான சாரா ஒப்பந்தத்தில் கலிபோர்னியா இல்லை. அதனால் வெளிமாநில காலேஜ்கள் பல கலிபோர்னியாவில் வசிப்பவர்களைச் சேர்ப்பதில்லை.

கிளினிக்கல் எந்த மாநிலத்தில் செய்கிறீர்களோ அந்த மாநிலத்து ஆர்.என். லைசென்ஸும் வேண்டும். காம்பாக்ட் லைசென்ஸ் (பல மாநிலங்களில் செல்லும் ஒரே லைசென்ஸ்) இருந்தால் டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களுக்கு அதுவே போதும். கலிபோர்னியாவும் நியூயார்க்கும் காம்பாக்டில் இல்லை.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் இல்லை; அமெரிக்க பி.எஸ்.என். பட்டத்துக்கு இணையாக எடுத்துக்கொள்வார்கள். ஜி.என்.எம். டிப்ளமோ மட்டும் உள்ளவர்கள் முதலில் ஆர்.என். டு பி.எஸ்.என். முடிக்க வேண்டியிருக்கும், அல்லது பி.எஸ்.என்., முதுகலை இரண்டையும் சேர்த்துத் தரும் படிப்பைத் தேட வேண்டும்.

இந்திய மதிப்பெண்களைப் பாடவாரியாக மதிப்பிட்டுத் தரும் அறிக்கை ஒன்றைக் கேட்பார்கள். 62 சதவீதம் என்பதை நீங்களே ஜி.பி.ஏ.வாக மாற்றி விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். மதிப்பீட்டு நிறுவனம் தரும் எண்தான் செல்லும். பெரும்பாலான காலேஜ்கள் 3.0 கேட்கின்றன. தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு டிரான்ஸ்கிரிப்ட் வர வேண்டியது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து. காலேஜில் ஒரு கையெழுத்து, பல்கலைக்கழகத்தில் ஒரு முத்திரை, பிறகு கூரியர் என்று நாட்கள் ஓடிவிடும். விண்ணப்பக் கடைசித் தேதிக்கு ஆறு மாதம் முன்பே ஊரில் யாரையாவது பொறுப்பெடுக்கச் சொல்லுங்கள். பெயர் விஷயமும் உண்டு: மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், லைசென்ஸில் கணவர் பெயர் என்று மூன்று விதமாக இருந்தால் மதிப்பீட்டு அறிக்கை அங்கேயே நின்றுவிடும். ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் எழுதிய உறுதிமொழியைக் கையோடு வைத்திருங்கள்.

புள்ளியியல் கோர்ஸ் ஒன்றைப் பல இடங்களில் கேட்கிறார்கள். பழைய கோர்ஸை ஏற்காத இடங்களும் உண்டு. கம்யூனிட்டி காலேஜில் ஒரு செமஸ்டரில் முடித்துவிடலாம். ஜி.ஆர்.இ. தேர்வை இப்போது பெரும்பாலோர் கேட்பதில்லை.

மனநல வார்டு அனுபவம் எல்லா காலேஜும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் ஒரு வருடமாவது பார்த்துவிட்டுப் போவதே நல்லது. ஐ.சி.யூ.வில் பத்து வருடம் இருந்தவருக்கு மானிட்டர் பார்க்கத் தெரியும். ஆனால் எதிரே உட்கார்ந்து, கையைப் பிசைந்துகொண்டு, பதில் சொல்லாமல் இருக்கும் ஒருவரோடு நாற்பது நிமிடம் இருப்பது வேறு பயிற்சி. உங்கள் மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவுக்கு மாற்றல் கேளுங்கள், அல்லது அங்கே மாதத்துக்கு நாலு ஷிஃப்ட் எடுத்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் செலவில்லாமல் தெரிந்துவிடும். பிடித்துவிட்டால், அங்கே வரும் டாக்டர்களும் பிராக்டிஷனர்களுமே நாளைக்கு உங்களுக்குப் பயிற்சி தரும் ஆட்கள்.

விசாவில் ஒன்றைக் கவனியுங்கள். எஃப்-1 மாணவர் விசாவில் ஒரு செமஸ்டருக்கு ஒரு ஆன்லைன் கோர்ஸுக்கு மேல் முழுப்படிப்புக் கணக்கில் சேராது. முழுக்க ஆன்லைனில் நடக்கும் படிப்புக்கு ஐ-20 (விசாவுக்குக் காலேஜ் தரும் படிவம்) கிடைக்காது. கிரீன் கார்டு, எச்-1பி, எச்-4 உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

எம்.எஸ்.என். போதுமா, டி.என்.பி. வேண்டுமா

நோயாளிகளைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் எம்.எஸ்.என். (நர்சிங் முதுகலைப் பட்டம்) போதும். நர்ஸ் பிராக்டிஷனர் ஆசிரியர்களின் அமைப்பான நான்ஃப், 2025க்குள் எல்லாரும் டி.என்.பி. (நர்சிங் பணிக்கான முனைவர்) பட்டத்தோடுதான் நுழைய வேண்டும் என்று 2018இல் சொன்னது. சான்றிதழ் தேர்வு இன்றைக்கும் எம்.எஸ்.என். பட்டத்தை ஏற்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு எம்.எஸ்.என். இரண்டரை முதல் மூன்று வருடம், பி.எஸ்.என்.இலிருந்து நேராக டி.என்.பி. என்றால் மூன்றரை, நாலு வருடம், மொத்தம் 1,000 மணி நேரப் பயிற்சி. கற்பிக்கவோ நிர்வாகத்துக்கோ போக நினைப்பவர்கள் டி.என்.பி. படிக்கலாம். அதிகப்படியான ஒரு வருடச் செலவு சம்பளத்தில் திரும்பி வரும் என்ற எண்ணத்தில் சேராதீர்கள்.

ஏற்கெனவே ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனராக இருப்பவர்களுக்கு முதுகலைக்குப் பிந்தைய சான்றிதழ் படிப்பு உண்டு. பழைய கோர்ஸ்களை ஒப்பிட்டு, எது விட்டுப்போயிருக்கிறதோ அதை மட்டும் படித்தால் ஒன்று, ஒன்றரை வருடத்தில் முடியும்.

எந்தப் பட்டமானாலும் அங்கீகாரத்தைப் பாருங்கள்: சி.சி.என்.இ., ஏ.சி.இ.என்., என்.எல்.என். சி.என்.இ.ஏ. மூன்றில் ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்வெழுதவே முடியாது.

பணம்

கட்டணம் காலேஜுக்குக் காலேஜ் மலைக்கும் மடுவுக்கும். மாநிலப் பல்கலைக்கழகத்தில் முடிவதற்கும் தனியார் பல்கலைக்கழகத்தில் முடிவதற்கும் மூன்று மடங்கு வித்தியாசம் வரலாம். ஒரு கிரெடிட்டின் விலையை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள். கிளினிக்கல் கட்டணம், கேம்பஸுக்கு நேரில் போக வேண்டிய நாட்களின் விமான டிக்கெட், மணி நேரம் பதியும் மென்பொருளின் சந்தா எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

மேற்படிப்புக்கான மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 20,500 டாலர் வரைதான். அதற்கு மேல் தேவைப்பட்டதைத் தந்துவந்த கிராட் பிளஸ் கடன், 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குபவர்களுக்குக் கிடையாது. அதனால் காலேஜ் கட்டணம் இந்த வரம்புக்குள் அடங்குகிறதா என்பது இப்போது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. மருத்துவமனை தரும் கல்வி உதவித்தொகையை வாங்கினால், எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் படியுங்கள். படித்து முடித்தபின் அவர்களிடம் மனநல பிராக்டிஷனர் வேலை காலியாக இல்லாவிட்டால் என்ன என்பதையும் எழுத்தில் கேளுங்கள். படிப்புக்குப் பிறகு கடனை அடைக்க உதவும் திட்டங்களில் நர்ஸ் கோர் கிரீன் கார்டுக்காரர்களையும் ஏற்கும். நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும்.

பிரிசெப்டர்: படிப்பின் கழுத்தைப் பிடிக்கும் இடம்

பிரிசெப்டர் என்பவர் தன் கிளினிக்கில் உங்களை வைத்துப் பயிற்சி தரும் மனநல பிராக்டிஷனர் அல்லது மனநல டாக்டர். சில காலேஜ்கள் அவரைத் தாங்களே தேடித் தருகின்றன. பல காலேஜ்கள் அந்தப் பொறுப்பை மாணவர் தலையில் கட்டிவிடுகின்றன. சேரும்முன் இதைக் கேளுங்கள்: "எனக்கு பிரிசெப்டர் கிடைக்காவிட்டால் நீங்கள் இடம் ஏற்பாடு செய்து தருவீர்களா? எழுத்தில் தருவீர்களா?" "உதவி செய்வோம்" என்ற பதிலுக்கு அர்த்தம் பெரும்பாலும் ஒரு பெயர்ப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்புவதுதான்.

மணி நேரக் கணக்கு இப்படி. ஏ.என்.சி.சி. என்னும் அமைப்பு நடத்தும் சான்றிதழ் தேர்வுக்குக் குறைந்தபட்சம் 500 மணி நேரம் வேண்டும். 2022இல் வந்த தேசியத் தரவிதிகள் நேரடியாக நோயாளியைப் பார்க்கும் நேரம் 750 என்று உயர்த்தியதால் காலேஜ்கள் அந்த எண்ணுக்கு மாறிவருகின்றன. வாரத்துக்கு இரண்டு நாள், நாளைக்கு எட்டு மணி நேரம், பதினைந்து வார செமஸ்டர் என்றால் 240 மணி. மூன்று செமஸ்டரில் 720. முப்பது மணி குறையும்! பிரிசெப்டர் லீவு போடும் வாரம், நோயாளிகள் வராத நாள், தேங்க்ஸ்கிவிங் எல்லாம் போனால் இன்னும் குறையும். பன்னிரண்டு மணி ஷிஃப்ட் மூன்று பார்த்துக்கொண்டு இதையும் செய்தால் வாரம் 52 மணி, படிப்பு தனி. வேலையை வாரம் இரண்டு ஷிஃப்டாகக் குறைக்க முடியுமா என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பிரிசெப்டர் தேடலை, கிளினிக்கல் தொடங்குவதற்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் முன்பு ஆரம்பியுங்கள். ஆள் சம்மதித்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. காலேஜும் அந்த நிறுவனமும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். பெரிய மருத்துவமனை என்றால் அது சட்டப் பிரிவின் மேசையில் மாதக்கணக்கில் கிடக்கும். பிரிசெப்டர் தயார், நோயாளிகள் தயார், நீங்களும் தயார். கையெழுத்து வராமல் செமஸ்டர் போய்விடும். அதனால் முதல் பேச்சிலேயே "எங்கள் காலேஜோடு உங்களுக்கு ஏற்கெனவே ஒப்பந்தம் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். இருக்கும் இடத்துக்கு முன்னுரிமை கொடுங்கள்.

கேட்கும் கடிதம் நீளமாக வேண்டாம். கிளினிக்கில் இருப்பவர் இரண்டு நோயாளிகளுக்கு நடுவில், போனில் படிக்கிறார். இந்த அளவு போதும்:

"வணக்கம். நான் ஆறு வருடமாக ஆர்.என்., அதில் கடைசி இரண்டு வருடம் உள்நோயாளி மனநல வார்டு. அடுத்த ஜனவரி முதல் ஏப்ரல் வரை 240 மணி நேரம், செவ்வாயும் வியாழனும், பெரியவர்களைப் பார்க்கும் பயிற்சி தேவை. காப்பீடு, தடுப்பூசி, பின்னணிச் சோதனை எல்லாம் தயாராக உள்ளன. காலேஜ் தரப்புக் காகித வேலை முழுவதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். பத்து நிமிடம் போனில் பேச முடியுமா?"

எந்த வயதினர், எத்தனை மணி நேரம், எந்த நாட்கள் மூன்றும் இல்லாத கடிதத்துக்குப் பதில் வருவது அபூர்வம். மாணவரை வைத்திருந்தால் பிரிசெப்டரின் ஒரு நாள் தாமதமாகிறது. வேலையை நீங்கள் குறைப்பீர்கள் என்று தெரிந்தால்தான் சம்மதிப்பார்.

எங்கே தேடுவது? கம்யூனிட்டி மனநல மையங்கள், மாநில மனநல மருத்துவமனைகள், போதை மீட்பு கிளினிக்குகள், பள்ளியோடு இணைந்த கிளினிக்குகள், முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகள், சிறைகள். உங்கள் மருத்துவமனையிலேயே செய்யலாம். ஆனால் நீங்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் அதே யூனிட்டில், உங்கள் மேலாளரிடமே செய்யப் பல காலேஜ்கள் விடுவதில்லை. குழந்தைகளைப் பார்க்கும் இடம்தான் கிடைப்பதிலேயே கடினம். அதை முதலில் பிடியுங்கள். பெரியவர்களுக்கான இடத்தைக் கடைசியில்கூடத் தேடிக்கொள்ளலாம்.

காசு வாங்கிக்கொண்டு பிரிசெப்டரைச் சேர்த்துவைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. வேறு வழியே இல்லாதபோது போகலாம். பணம் கட்டும்முன் இரண்டு விஷயத்தை உறுதி செய்யுங்கள்: பிரிசெப்டர் பாதியில் விலகினால் பணம் திரும்புமா, அந்த பிரிசெப்டரை உங்கள் காலேஜ் ஏற்குமா. வீடியோ வழியாக மட்டுமே நோயாளிகளைப் பார்க்கும் இடத்துக்குக் காலேஜ் வரம்பு வைத்திருக்கலாம், அதையும் கேளுங்கள்.

மணி நேரத்தை அன்றைக்கே பதியுங்கள். டைஃபன் போன்ற மென்பொருளில் நோயாளியின் வயது, நோய், என்ன செய்தீர்கள், எத்தனை நிமிடம் என்று போட வேண்டும். பெயரோ பிறந்த தேதியோ எங்கும் வரக் கூடாது. வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து ஒரு வாரத்தை நினைவிலிருந்து எழுதினால் எண்கள் ஒட்டாது. பயண நேரம், சாப்பாட்டு நேரம், சிமுலேஷன் லேப் நேரம் இவை நேரடி நோயாளி நேரத்தில் சேராது. உளச்சிகிச்சை தந்திருந்தால் எந்த முறை என்று குறிப்பிடுங்கள். குறைந்தது இரண்டு உளச்சிகிச்சை முறைகளில் பயிற்சி பெற்றதற்கு ஆதாரம் தேர்வு விண்ணப்பத்துக்கு வேண்டும். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், மாற்றத்துக்கு ஊக்கம் தரும் நேர்காணலும் எளிதில் கிடைப்பவை. மருந்து மட்டும் எழுதும் கிளினிக்கிலேயே எல்லா மணியையும் முடிப்பவர்கள் கடைசி செமஸ்டரில் இதற்காக அலைகிறார்கள்.

பாடங்கள்

உயர்நிலை நோய் உடலியங்கியல், உயர்நிலை உடல் பரிசோதனை, உயர்நிலை மருந்தியல் மூன்றும் எல்லா நர்ஸ் பிராக்டிஷனருக்கும் பொது. மூன்று தனித்தனிக் கோர்ஸாக மார்க் ஷீட்டில் தெரிய வேண்டும். ஒன்றில் இன்னொன்றைக் கலந்து தரும் படிப்பைத் தவிருங்கள். பாடத்திட்டக் கோப்புகளைத் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள். வேறு மாநிலத்துக்கு மாறும்போது போர்டு கேட்கலாம்.

நோய் கண்டறிதலுக்கு 2022இல் வந்த டி.எஸ்.எம்.-5-டி.ஆர். (மனநோய்களை வகைப்படுத்தும் கையேடு) அடிப்படை. அதில் முதலில் மனதில் பதிய வேண்டியவை கால அளவுகள். மனச்சோர்வுக்கு இரண்டு வாரம். மேனியாவுக்கு (அளவுகடந்த உற்சாக நிலை) ஏழு நாள், அதன் மிதமான வடிவமான ஹைப்போமேனியாவுக்கு நாலு நாள். பொதுப் பதற்றக் கோளாறுக்கு ஆறு மாதம். பேரதிர்ச்சிக்குப் பின் மூன்று நாள் முதல் ஒரு மாதம் வரை என்றால் ஒரு பெயர், ஒரு மாதம் தாண்டினால் இன்னொரு பெயர். சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலை) ஒரு மாதத்துக்குள் அடங்கினால் ஒரு பெயர், ஆறு மாதத்துக்குள் அடங்கினால் இன்னொன்று, ஆறு மாதம் கடந்தால் ஸ்கிசோஃப்ரினியா. கவனக்குறைவுக் கோளாறின் அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன் இருந்திருக்க வேண்டும். தேர்விலும் கிளினிக்கிலும் பாதிக் குழப்பத்தை இந்த எண்களே தீர்த்துவைக்கும்.

மருந்துகளில் எல்லாவற்றையும் ஒரே ஆழத்தில் படிக்க நேரம் இருக்காது. கொல்லக்கூடியவற்றை முதலில் படியுங்கள். லித்தியம்: கடைசி டோஸுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். காலையில் மாத்திரை போட்டுவிட்டு லேபுக்குப் போனவரின் எண் பொய்யாக உயர்ந்து காட்டும்; அதைப் பார்த்து டோஸைக் குறைத்தால் நோய் திரும்பும். 0.6 முதல் 1.2 வரை வழக்கமான அளவு, 1.5 தாண்டினால் நச்சு. முட்டிவலிக்கு ஐபுப்ரோஃபென், ரத்த அழுத்தத்துக்கு லிசினோபிரில், நீர் பிரியத் தயாசைடு மூன்றுமே ரத்தத்தில் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். லாமோட்ரிஜின்: இரண்டு வாரம் 25 மி.கி., அடுத்த இரண்டு வாரம் 50. வேல்ப்ரோயேட்டும் சாப்பிடுபவருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் 25. அவசரப்பட்டால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்னும் கொடிய தோல் எதிர்வினை வரலாம். சில நாள் விட்டுவிட்டு வந்தவரிடம் எத்தனை நாள் என்று கேட்காமல் பழைய டோஸையே எழுதுவது ஆபத்து. குளோசபின்: வெள்ளணுக் கணக்கை முதல் ஆறு மாதம் வாரந்தோறும், அடுத்த ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதந்தோறும் பார்ப்பது வழக்கம். அரசின் கட்டாயப் பதிவுத் திட்டம் 2025இல் நீக்கப்பட்டுவிட்டது; பழைய பாடப்புத்தகங்களில் இன்னும் இருக்கும்.

நம் ஊர்க்காரர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று: கார்பமாசெபின் தொடங்கும்முன் ஆசிய வம்சாவளியினருக்கு எச்.எல்.ஏ.-பி 1502 மரபணுச் சோதனை செய்யச் சொல்கிறது மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பு. தெற்காசியர்களும் அதில் அடக்கம். பிரிசெப்டருக்கு இது சீனர், தாய்லாந்துக்காரர் விஷயமாக மட்டும் நினைவிருக்கலாம், நீங்கள் நினைவுபடுத்துங்கள்.

முதல் இன்டேக்: ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது

புதிய நோயாளிக்கு அறுபது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஐந்து நிமிடம் ரகசியம் காப்பது பற்றியும் அதன் எல்லைகள் பற்றியும் சொல்லுங்கள். பிறகு எதற்காக வந்தார் என்பதை அவர் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இப்போதைய தொந்தரவுக்குப் பதினைந்து நிமிடம். பழைய சிகிச்சை, மருந்துகள், குடும்பம், குடிப்பழக்கம், உடல்நோய், வேலை, வீடு என்று அடுத்த இருபது. தற்கொலை எண்ணம், வீட்டில் துப்பாக்கி அல்லது சேர்த்துவைத்த மாத்திரைகள் உண்டா என்பதற்கு நேரம் ஒதுக்கியே தீர வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் திட்டத்துக்கு.

பழைய மனச்சோர்வு மருந்து பற்றிக் கேட்கும்போது "செர்ட்ராலின் வேலை செய்யல" என்ற பதிலோடு நிறுத்தாதீர்கள். எத்தனை மி.கி., எத்தனை வாரம்? 25 மி.கி. பத்து நாள் சாப்பிட்டு விட்டவருக்கு அந்த மருந்து தோற்கவில்லை, சோதிக்கப்படவே இல்லை.

மாணவர்கள் தவறும் இடம் ஒன்றை நெருங்கிப் பார்ப்போம். இருபத்தாறு வயதுப் பெண். பி.எச்.கியூ.-9 (மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாள்) மதிப்பெண் 17. தூக்கமில்லை, அழுகை, வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை. மாணவர் செர்ட்ராலின் 50 மி.கி. என்று திட்டம் எழுதிக்கொண்டு வருகிறார். பிரிசெப்டர் உள்ளே போய் ஒரே கேள்வி கேட்கிறார்: "தூக்கம் குறைஞ்சும் களைப்பே இல்லாம, உடம்பெல்லாம் சுறுசுறுப்பா இருந்த நாட்கள் எப்பவாவது உண்டா?" போன வருஷம் ஐந்து நாள், மூன்று மணி நேரத் தூக்கம், கிரெடிட் கார்டில் கண்டபடி செலவு, பேச்சு நிற்கவில்லை, தோழிகளே என்ன ஆச்சு என்று கேட்டார்கள். இப்போது இது இரண்டாம் வகை பைபோலார் (மனச்சோர்வும் ஹைப்போமேனியாவும் வந்துபோகும் கோளாறு). செர்ட்ராலினைத் தனியாகக் கொடுத்தால் மனநிலை எதிர்ப்பக்கம் தாவக்கூடும். குவெட்டியபின் போன்ற வேறு வழி தேவை. மனச்சோர்வோடு வரும் நோயாளி நல்லா இருந்த நாட்களைப் பற்றித் தானாகச் சொல்லமாட்டார், அதை நோயாக அவர் நினைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் நீங்களே கேட்க வேண்டும்.

மனநிலைப் பரிசோதனையை எழுதும்போது "இயல்பு" என்ற சொல்லைத் தொடாதீர்கள். "சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறார், கண்ணைப் பார்க்கவில்லை, கேள்விக்குப் பதில் வரப் பத்து விநாடி ஆகிறது, 'நல்லாத்தான் இருக்கேன்' என்கிறார், முகத்தில் அசைவில்லை" என்று எழுதினால் அடுத்த மாதம் படிப்பவருக்கு ஆள் தெரிவார்.

தமிழ் பேசும் நோயாளி வந்தால் மொழிபெயர்க்க மகனையோ மருமகளையோ பயன்படுத்தாதீர்கள். "மாத்திரை எல்லாத்தையும் ஒண்ணா முழுங்கிடலாம்னு தோணுச்சு" என்பதை எந்த அம்மாவும் மகன் வாயால் சொல்லவைக்க மாட்டார். "நெஞ்சு பாரமா இருக்கு", "தலையெல்லாம் கிறுகிறுங்குது" என்று உடம்பு வழியாகவே வரும் பேச்சுக்கு முதலில் இதயத்தையும் தைராய்டையும் ரத்தசோகையையும் பார்த்துவிட்டுத்தான் மனசுக்கு வர வேண்டும்.

தேர்வும் உரிமமும்

ஏ.என்.சி.சி. தேர்வில் 175 கேள்விகள், மூன்றரை மணி நேரம். 150 கேள்விகளுக்குத்தான் மதிப்பெண், மீதி 25 சோதனைக் கேள்விகள். 500க்கு 350 எடுத்தால் தேர்ச்சி. தவறினால் அறுபது நாள் காத்திருக்க வேண்டும், பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறைக்கு மேல் எழுத முடியாது. 2024 முதல் ஏ.ஏ.என்.பி.சி.பி. என்னும் இன்னொரு அமைப்பும் இதே துறைக்குத் தேர்வு நடத்துகிறது. உங்கள் மாநிலம் அதை ஏற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். பட்டம் கிடைத்த சூட்டோடு எழுதுபவர்களுக்கு எளிது.

பிறகு வரிசை இது: மாநில ஏ.பி.ஆர்.என். உரிமம், என்.பி.ஐ. எண் (சிகிச்சை தருபவரின் தேசிய அடையாள எண், இலவசம்), சில மாநிலங்களில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கான தனிப் பதிவு, அதன்பின் மத்திய டி.இ.ஏ. (போதைப்பொருள் தடுப்பு அமைப்பு) பதிவு. டி.இ.ஏ.வுக்கு மூன்று வருடத்துக்கு 888 டாலர். பல நிறுவனங்கள் கட்டித் தரும், கேளுங்கள். 2023 ஜூன் 27 முதல் டி.இ.ஏ. பதிவுக்குப் போதைப்பழக்கச் சிகிச்சை பற்றிய எட்டு மணி நேரப் பயிற்சி கட்டாயம். உங்கள் படிப்பிலேயே அது இருந்திருந்தால் பட்டம் பெற்ற ஐந்து வருடத்துக்குள் அதுவே செல்லும். காலேஜை விட்டு வரும்முன் அதற்கு ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

முதல் வேலை

சம்பள எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். எல்லா வகை நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கும் சேர்த்து 2024 மே மாத அரசுக் கணக்கில் நடுநிலைச் சம்பளம் வருடத்துக்கு 1,29,210 டாலர். அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகச் சொல்லும் இடம் ஏன் சொல்கிறது என்று பாருங்கள். புதிய நோயாளிக்கு முப்பது நிமிடம், பழையவர்களுக்குப் பதினைந்து என்று இருந்தால், முதல் வருடத்தில் அது தாங்காது. அறுபதும் முப்பதும் கேளுங்கள். சந்தேகம் வந்தால் அன்றைக்கே அழைக்க ஒரு டாக்டரோ மூத்த பிராக்டிஷனரோ இருக்கிறாரா, வாரம் ஒரு மணி நேரம் கேஸ் பேச ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பது முதல் வருடத்தில் பத்தாயிரம் டாலரைவிடப் பெரியது.

ஊழியராகச் சேர்கிறீர்களா, 1099 ஒப்பந்தக்காரராகவா? 1099 என்றால் வரி, மருத்துவக் காப்பீடு, விடுமுறை எல்லாம் உங்கள் செலவு. தொழில்முறைக் காப்பீடு 'கிளெய்ம்ஸ்-மேட்' வகையா 'அக்கரன்ஸ்' வகையா என்றும் கேளுங்கள். முதல் வகை என்றால் வேலையை விட்டபின் பழைய நோயாளிகள் தொடுக்கும் வழக்குக்கு 'டெயில்' என்னும் தனிக் காப்பீடு வாங்க வேண்டும், அது விலை அதிகம். யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதவையுங்கள். காப்பீட்டு நிறுவனங்கள் உங்களைத் தங்கள் பட்டியலில் சேர்க்க மூன்று, நாலு மாதம் ஆகும். நோயாளிகளைப் பார்த்தும் பில் போட முடியாத அந்த மாதங்களில் சம்பளம் முழுதாக வருமா என்ற கேள்விக்கான பதிலும் அதே தாளில் இருக்கட்டும்.